சபேசன் சாவைச் சொல்லப் போனவன்

ஜனவரி 17, புதன்

கடும் பனி. கமலாலயக் குளத்தின் எதிர்க்கரை தெரியவில்லை.

எழுத்தாளர் சபேசன் நேற்று மாலை சென்னையில் காலமானார். ஆதாரம்: சென்னை அலுவலகம், டிரங்க் கால். ஆஸ்பத்திரியிலும் கேட்டு உறுதி செய்துவிட்டார்களாம். தகனம் அங்கேயே, இன்று பகல். உடல் ஊருக்கு வராது.

ஆசிரியர் லைனில் கத்தினார்: "சொந்த ஊர்லேருந்து முப்பது வரி வேணும். உருக்கமா இருக்கட்டும்." உருக்கத்துக்கு வேறு ஆள் பார்க்க வேண்டும். நடந்ததை எழுதலாம்.

வீட்டில் கமலாவிடம் சொன்னேன். தோசைத் திருப்பியோடு அப்படியே நின்றாள். தோசை கருகியது. "காத்தானை எழுதினவரா?" என்றாள். 'சொல்லப் போகாதவன்' தொடராக வந்தபோது நான் பத்திரிகையைக் கண்ணால் பார்ப்பதற்குள் அவள் அந்த வாரப் பகுதியை முடித்திருப்பாள். இப்போதும் பரணில் கட்டாக இருக்கிறது என்கிறாள். எனக்கே தெரியாது.

கூத்தாநல்லூர் மஜீத் பாயின் வாடகை நூலகம். கடை பாதி சாத்தியிருந்தது. "சபேசன் புஸ்தகம் ஒண்ணுகூட இல்ல நிருபரய்யா. காலையில ரேடியோவுல சொன்னான், பத்து மணிக்கெல்லாம் அலமாரி காலி. போன ரமலான்ல எடுத்துட்டுப் போன ஆளே இன்னும் திருப்பித் தரல, இவங்க தரவா போறாங்க." திட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்தார். சிங்கப்பூரிலிருந்த வருஷங்களில் இவருக்கு ஊர் என்றால் சபேசனின் வாராந்தரப் பகுதிதானாம்.

மதியம் கொற்றவிளாகம், சபேசன் பிறந்த ஊர். பஸ் இறங்கி ஒரு மைல் நடை. இரு பக்கமும் சம்பா முற்றித் தலைசாய்ந்து நிற்கிறது. வயலில் ஒரு ஆள் இல்லை. கூலித் தகராறு பொங்கலுக்கு முன்பிருந்தே. களத்தோரம் போலீஸ் வேன். வேன் நிழலில் சீட்டாட்டம்.

பண்ணையார் பஞ்சநதம், சபேசனின் அண்ணன். கூடத்தில் ஊஞ்சல் சும்மா தொங்க, தரையில் உட்கார்ந்திருந்தார்.

"எல்லாருக்கும் தந்திதான் சார். முன்னெல்லாம் தந்தி எதுக்கு? கீழத்தெருலேருந்து நாலு பேர் ஓடுவான், சாயந்தரத்துக்குள்ள சொந்தபந்தம் பூரா வந்து நிக்கும். அத நிறுத்தினது யாரு? செத்தானே, அவன்தான்."

சிரிக்கிறாரா என்று பார்த்தேன். கண் சிவந்திருந்தது.

"கொல்லைப் பக்கம் ஒருத்தனாவது வந்து எட்டிப் பாத்தானா கேளுங்க. அவனுங்களுக்காகத்தான எழுதிக் கிழிச்சான்."

நிறுத்தியது பற்றி அவர் சொன்னது உண்மை. சபேசன் கதையில் காத்தான் பண்ணையாள். மிராசுதார் வீட்டில் சாவு விழுந்தால் ஊர் ஊராக ஓடிச் சொந்தக்காரர்களுக்குச் சொல்வது அவன் குடும்பத்து வேலை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கொல்லைப் பக்கம் நின்று சொல்ல வேண்டும். பெரிய பண்ணையார் செத்த அன்று கிளம்புகிறான். ஊர் எல்லையில் மைல்கல்மேல் உட்கார்ந்துவிடுகிறான். போகவில்லை. அவ்வளவுதான் கதை. அது தொடராக வந்த வருஷமே கொற்றவிளாகம் கீழத்தெரு சாவு சொல்லப் போவதை நிறுத்தியது. முதலில் நிறுத்தியது சபேசன் வீட்டுக்குத்தான்.

முப்பது வரி தந்தியில் அனுப்பியாயிற்று. செருப்பு வார் அறுந்தது. தைக்க வேண்டும்.


ஜனவரி 18, வியாழன்

பனி குறைவு. கொற்றவிளாகத்தில் நேற்று மாலை முதல் தடை உத்தரவு. கூட்டம், ஊர்வலம், கொடி எதுவும் கூடாது. இரங்கல் கூட்டமும் சேர்த்திதான். ஆதாரம்: இன்ஸ்பெக்டர், நேரில்.

"இவனுங்க படத்தத் திறப்பானுங்க, அப்புறம் வாயத் திறப்பானுங்க, அப்புறம் வெளியாள் மேல பாய்வானுங்க. எனக்குத் தெரியாதா சார்?"

கீழத்தெருப் படிப்பகம். கீற்றுக் கொட்டகை, ஒரு பெஞ்சு. வாரப் பத்திரிகையிலிருந்து வெட்டிய சபேசன் படம், சோற்றுப் பருக்கை வைத்துத் தட்டியில் ஒட்டியிருந்தது. ஒரு காதுப் பக்கம் தாள் மடங்கியிருந்தது. அஞ்சலை அதை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். மறுபடி மறுபடி மடங்கியது.

அஞ்சலைதான் இங்கே படிப்பவள். எட்டாவது வரை பள்ளிக்கூடம். தொடர் வந்த காலத்தில் வாராவாரம் சத்தமாகப் படிப்பாள், தெருவே உட்கார்ந்து கேட்கும். அவள் புருஷன் மாரியப்பன் சங்கத்துக் கிளைச் செயலாளர். பொங்கலுக்கு முன்னால் பஞ்சநதம் களத்தில் அறுப்புக்கு வெளியூரிலிருந்து இறக்கிய வெளியாட்களோடு நடந்த கைகலப்பில் முதல் பிரதிவாதி. ஜாமீனில் இருக்கிறான். தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்து.

இன்று கொட்டகையில் பத்துப் பதினைந்து பேர். கூட்டம் இல்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். தடை உத்தரவுக்கு அஞ்சிப் பாதிப் பேர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது பார்க்க வேடிக்கை.

பேச்சு ஒன்றே ஒன்று. சபேசன் சாவை யாராவது போய்ச் சொல்ல வேண்டுமா, கூடாதா.

செல்வராசு, இளவட்டம், கோபக்காரன்: "அவரு எழுதுனாரு, நாம நிறுத்துனோம். இப்ப அவருக்கே ஓடுனா என்ன அர்த்தம்? நாளைக்கு மேலத்தெருவுல ஒரு கெழம் மண்டயப் போட்டா நம்மளத்தான் கூப்புடுவான்."

மாரியப்பன்: "இப்ப யாருடா கூப்புட்டா? ஒருத்தரும் கூப்புடல. நானாப் போறேன்."

"பாக்குறவனுக்கு அது தெரியுமா? துண்டக் கட்டிக்கிட்டு ஓடுனா ஓடுறதுதான்."

"துண்டத் தோள்ல போட்டுக்கிட்டுப் போறேன். போதுமா?"

சிரிப்பு. செல்வராசு மட்டும் சிரிக்கவில்லை. "ரெயிலுக்குக் காசு வச்சிருக்கியா, இல்ல காத்தான் மாதிரி நடையா?"

எங்கே போவான் என்று கேட்டேன். கதை கேட்டவர்கள் இருக்கிற ஊருக்கெல்லாம் என்றான். பக்கத்து ஊர்கள் இன்றே. அஞ்சலை குறுக்கிட்டாள்: "மொதல்ல பாக்கியத்துக்குச் சொல்லணும். அவ பேப்பர் படிக்க மாட்டா. அவளுக்கு யாரு சொல்லுவா?"

பாக்கியம், அதிராம்பட்டினத்துக் கருவாட்டுக்காரி. கூடையோடு ரயிலேறி இந்தப் பக்கம் வருவாள். படிக்கிற நாளாகப் பார்த்து வந்து, கூடையை இறக்கி வைத்துக் கதை கேட்டுவிட்டுப் போவாளாம். கேட்டதைக் கடற்கரையில் போய் முழுக்கச் சொல்வாளாம். அங்கே சபேசனுக்கு இருக்கிற வாசகர்கள் அத்தனை பேரும் அவள் வாயால் வந்தவர்கள்.

திரும்பும்போது வேனிலிருந்து ஒரு போலீஸ்காரர் கேட்டார், "என்ன சார், உள்ள என்ன பேசுறானுவ?" "கதை" என்றேன்.


ஜனவரி 20, சனி

அதிராம்பட்டினம். வாடைக்காற்று. படகு ஒன்றும் கடலுக்குப் போகவில்லை. வலை அறுப்புத் தகராறு பற்றி எழுத வந்தேன். இரு தரப்பும் திங்களன்று பேசுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆதாரம்: இரு தரப்பும், தனித்தனியே.

அதை முடித்துக் கரையோரம் நடந்தபோது மாரியப்பன். எதிர்பார்க்கவில்லை. துண்டு தோளில்தான். சட்டை சலவை. காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு நேரே ரயிலேறியிருக்கிறான்.

கருவாடு காயும் இடத்தில் பாக்கியம் காக்கை விரட்டிக்கொண்டிருந்தாள். கட்டுமஸ்தான பெண், நாற்பது இருக்கும். இவனைப் பார்த்ததும் சிரித்தாள். "என்ன மாரி, கடல் பாக்க வந்தியா? அஞ்சல எங்க?"

மாரியப்பனின் அப்பன் சாவு சொன்ன ஆள். சொல்லும் முறை இவனுக்குத் தெரியும். நின்றுகொண்டு, தலை குனிந்து, பேரைச் சொல்லி, காலமாயிட்டாங்க என்று முடிக்க வேண்டும். இவன் மணலில் உட்கார்ந்தான். அவளையும் உட்காரச் சொன்னான்.

"கத எழுதுனாரு பாரு, சபேசன் ஐயா. செவ்வாக்கெழம செத்துட்டாரு."

"எந்தக் கத?"

"காத்தான் கத."

அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. எழுதுவதற்கென்று ஒரு ஆள் இருந்தார் என்பதே அவள் மனதில் இல்லை. அஞ்சலை தாளைப் பார்த்துச் சொன்னதெல்லாம் எங்கோ நடக்கிற நடப்பு என்றுதான் நினைத்திருக்கிறாள்.

"அந்த ஆளுதான் காத்தான வச்சிருந்தாரா?"

"ஆமா."

"அப்ப இனிமே அவன யாரு பாத்துக்குவா?"

அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். பக்கத்துப் பெண்கள் யார் செத்தது என்று ஓடி வந்தார்கள். "நம்ம காத்தானுக்கு வேண்டியவரு" என்றாள். அவர்களும் உட்கார்ந்தார்கள். காக்கைகள் கருவாட்டை ஒரு கை பார்த்தன. யாரும் விரட்டவில்லை.

ரயிலில் மடியில் வைத்து எழுதி முடித்தேன். மாரியப்பன் எதிர்ப் பெஞ்சில், வாசல் ஓரம். எழுதுகிறேன் என்று சொன்னேன். "எழுதுங்க சார். அவரப் பத்திதான?" என்றான்.


ஜனவரி 22, திங்கள்

வெயில் ஏறிவிட்டது. செய்தி வெளியானது. ஐந்தாம் பக்கம், மேல்பாதி. ஒரு வரிகூட வெட்டவில்லை. முப்பது வருஷத்தில் இப்படி நடப்பது அபூர்வம்.

கமலா இரண்டு முறை படித்தாள். பாக்கியம் கேட்ட கேள்வி வந்த இடத்தில் நிறுத்தி, "இத நீங்க சேத்தீங்களா, அவளே கேட்டாளா?" என்றாள். அவளே கேட்டது என்றேன். கத்தரிக்கோலைத் தேடினாள்.

மஜீத் பாய் கடைக் கதவில் ஒட்டிவிட்டாராம். ஆளுங்கட்சி ஒன்றியச் செயலாளர் டெலிபோனில்: "எழுத்தாளர் நம்மாளு சார். அமைச்சர் வர்ற நினைவுக் கூட்டத்துல அந்த மாரியப்பன ரெண்டு வார்த்தை பேச வெக்கலாமா? சிவப்புத் துண்டு போடாம வருவானா?" அவனையே கேளுங்கள் என்று வைத்துவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டு ஏஜெண்ட் சொன்னது: பஞ்சநதத்தின் வக்கீல் குமாஸ்தா காலையிலேயே இரண்டு பேப்பர் வாங்கிப் போனார். வீட்டுக்குப் பேப்பர் போடுகிற இடம் அது. தனியாக எதற்கு இரண்டு?

செருப்பு தைத்தாயிற்று.


ஜனவரி 23, செவ்வாய்

மாரியப்பன் ஜாமீனை ரத்து செய்யக் கோரி இன்று மனு. விசாரணை வருகிற திங்கள். ஆதாரம்: கோர்ட் நோட்டீஸ் பலகை, நானே பார்த்தேன். மனுவோடு இணைப்பு: என் செய்தி.

அவனுடைய வக்கீலைப் பார்த்தேன். சின்ன வயசு, சங்கத்துக்காகக் காசு வாங்காமல் வாதாடுபவர். கையெழுத்து மட்டுமே நிபந்தனை என்று நினைத்திருந்தேன். இன்னொன்றும் இருக்கிறதாம். தாலுகா எல்லையைத் தாண்டக் கூடாது. சொந்தத்தில் சாவு என்றால் மட்டும் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போகலாம். அதிராம்பட்டினம் எல்லைக்கு வெளியே.

கேட்டிருக்க வேண்டும். ரயிலில் எதிரேதான் உட்கார்ந்திருந்தான்.

இன்ஸ்பெக்டர் மேஜைமேல் பேப்பர். என் செய்தியில் பென்சில் கோடு. "நாங்க பின்னாடியே ஆள் போட்டிருந்தாக்கூட இவ்வளவு சுத்தமா ரிப்போர்ட் வந்திருக்காது. திங்கக்கிழமை ஒரு நடை வந்து, நேர்ல பாத்தேன்னு மட்டும் சொல்லிடுங்க. சம்மன் அனுப்பிடறேன்." டீ வாங்கி வரச் சொன்னார். குடிக்காமல் வந்தேன்.

கொற்றவிளாகம் போவதா வேண்டாமா என்று பஸ்ஸில் ஏறிய பிறகும் யோசனை. போனேன். மாரியப்பன் வக்கீலைப் பார்க்கப் போயிருந்தான். அஞ்சலை படிப்பகத்தில் தனியே. எழுந்து பெஞ்சைத் துடைத்துப் போட்டாள். அந்த மரியாதைதான் கஷ்டமாக இருந்தது.

"நல்லா எழுதியிருக்கீங்க சார். தெருவுக்கே படிச்சுக் காட்டுனேன். ஊரு பேரு, நாளு, எந்த ரெயிலு, ஒண்ணு விடல."

துடைத்த பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"சபேசன் ஐயாவும் இந்த ஊரத்தான் எழுதுனாரு. ஆனா ஊரு பேர மாத்திதான் எழுதுனாரு. ஏன்னு இப்பதான் தெரியுது."

வெளியாட்கள் வரும் நாள் முடிவாகிவிட்டது: பிப்ரவரி 2, வெள்ளி, விடியற்காலம், லாரியில். ஆதாரம்: பண்ணைக் காரியஸ்தர். மாரியப்பன் உள்ளே இருந்தால் அன்று செல்வராசு வகையறாவைக் கட்டிப் பிடிக்க ஆள் இல்லை. இதைப் போலீசும் அறியும், பஞ்சநதமும் அறிவார்.


ஜனவரி 25, வியாழன்

மேகமூட்டம். மழை விழுந்தால் முற்றிய கதிர் முளைவிடும். எல்லோரும் வானத்தைப் பார்க்கிறார்கள்.

உறுதியான விஷயம் ஒன்று, வெளியிட முடியாதது. மாரியப்பன் சனிக்கிழமை காலை ஸ்டேஷனில் சொல்லிவிட்டுத்தான் போனான். ஆதாரம்: பாராவில் இருந்த போலீஸ்காரர், டீக்கடையில், தன் பேர் வேண்டாம் என்ற நிபந்தனையோடு.

"எங்க வூட்டுல சாவு, அதிராம்பட்டினம் போறேன்னான் சார். செத்தது யாருடான்னேன். சபேசன் ஐயாங்கிறான். பண்ணையார் தம்பி உனக்கு என்னடா மொற, மாமனா மச்சானான்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சோம். அவனும் சிரிச்சான். நான் அத எழுதல."

"கோர்ட்டில் சொல்வீங்களா?"

"புள்ளகுட்டிக்காரன் சார்."

மாரியப்பனின் வக்கீல் என் வீட்டுக்கே வந்தார். சுற்றிவளைத்து விஷயத்துக்கு வந்தார். நான் நேரில் பார்க்கவில்லை, யாரோ சொல்லக் கேட்டு எழுதினேன் என்று கோர்ட்டில் சொன்னால் மனு நிற்காது. பத்திரிகையில் வருகிறதெல்லாம் நேரில் பார்த்ததா என்ன, யார் கேட்கப் போகிறார்கள் என்றார்.

முடியாது என்றேன். அவர் போன பின் கமலா: "ஒரு வார்த்தை மாத்திச் சொன்னா உங்க பேரு கெட்டுடும். சரி. அவன் உள்ள போனா என்ன கெடும்னு யோசிச்சீங்களா?" யோசித்தேன். அது அவளுக்கும் தெரியும். பேப்பரில் இருப்பது பொய் என்று நானே சொன்னால், பாக்கியம் அழுததும் பொய் ஆகிவிடும். இதை அவளிடம் சொல்லவில்லை. சாப்பிட்டுப் படுத்தோம்.


ஜனவரி 26, வெள்ளி

குடியரசு தினம். தாலுகா ஆபீசில் கொடி, ஆரஞ்சு மிட்டாய். மழை இல்லை.

பஞ்சநதம் ஆள் அனுப்பி வரச் சொன்னார். போனேன். இன்று ஊஞ்சலில். பக்கத்தில் என் செய்தி வந்த பேப்பர்.

"வக்கீல் நீட்டினான், கையெழுத்துப் போட்டேன். நேத்துதான் முழுசாப் படிச்சேன். தந்தி வாங்கினவன்ல பாதிப் பேர் வரல. வந்தவனும் பங்கு என்னாச்சுன்னு கேட்டுட்டுப் போறான். என் தம்பிக்காக வெயில்ல கெளம்பிப் போனவன் அவன் ஒருத்தன்."

"மனுவை வாபஸ் வாங்கலாமே."

"போலீசும் சேந்து போட்ட மனு, வாபஸ் என் கையில மட்டும் இல்ல. ஆனா நான் ஒண்ணு சொல்லலாம். நான்தான் அனுப்பிச்சேன்னு கோர்ட்ல சொல்றேன். வாதியே தன் வீட்டுச் சாவைச் சொல்ல அனுப்பிட்டு, வாதியே ஜாமீனை ரத்து பண்ணுன்னா மாஜிஸ்திரேட் சிரிப்பாரு. விஷயம் முடிஞ்சுது. அவன் ஒரு வார்த்தை சொல்லணும். ஆமா, ஐயா அனுப்பினாங்கன்னு."

ஊஞ்சலைக் காலால் நிறுத்தி, "பழைய மாதிரி" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையை அன்பாகச் சொன்னாரா, வெற்றியாகச் சொன்னாரா என்று இன்னும் தெரியவில்லை. இரண்டுமாக இருக்கலாம். உபகாரம் செய்கிறோம் என்ற நினைப்பு முகத்தில் நிஜமாகவே இருந்தது.

கீழத்தெருவில் சொன்னேன். பழைய மாதிரி என்பதையும் சேர்த்து. விடாமல் சொல்வதால் வந்த வினை போதும் என்றாலும், இதை விட முடியாது.

அஞ்சலை: "ஒரு வார்த்ததான? சொல்லிட்டு வா. வர்ற வெள்ளிக்கெழம லாரி வரும்போது நீ உள்ள இருந்தா இந்தப் பயலுவள யாரு புடிக்கிறது? அருவாளத் தூக்கிக்கிட்டு ஓடுவானுவ. அதுக்குத்தான வேன் நிக்கிது."

மாரியப்பன்: "வாரா வாரம் படிச்சு எங்களக் கெடுத்தவ நீ. இப்ப நீயே சொல்லுறியா?"

"கதயில காத்தானுக்குப் பொண்டாட்டி இல்ல. இருந்திருந்தா, எழுந்திருச்சு நடடான்னுருப்பா."

யாரோ சிரித்தார்கள். செல்வராசுதான், முதல் தடவையாக. பிறகு அவனே மெதுவாக: "அண்ணே, நீ சொன்னாலும் தப்பில்ல. நாங்க ஒண்ணும் நெனச்சுக்க மாட்டோம்." அது மாரியப்பனுக்கு இன்னும் பாரமாகிவிட்டது என்று தோன்றியது.

"நா போனது யாரும் அனுப்பாமப் போனேன். அது ஒண்ணுதான் அதுல இருந்துச்சு" என்றான். படத்தின் மடங்கிய காதை விரலால் அழுத்தினான்.


ஜனவரி 29, திங்கள்

வெயில். காற்று இல்லை. கோர்ட் வளாகத்தில் கீழத்தெரு முழுக்க, வேப்பமரத்தடியில். போலீஸ் அதைவிட அதிகம். மஜீத் பாய் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார்.

முதலில் என்னை. நேரில் பார்த்தீர்களா? பார்த்தேன். எங்கே? அதிராம்பட்டினம் கடற்கரை. அரசு வக்கீல் அவ்வளவுதான் என்று உட்காரப் போனார். மாஜிஸ்திரேட் கேட்டார், "அங்கே என்ன செய்துகொண்டிருந்தார்?" சாவு சொல்லிக்கொண்டிருந்தார் என்றேன். "வேறு ஏதாவது? கூட்டம், கோஷம்?" இல்லை. பெண்கள் அழுதார்கள்.

பஞ்சநதம் தானாக எழுந்தார். அவர் வக்கீல் சட்டையைப் பிடித்து இழுத்ததைப் பார்த்தேன். "நான்தான் அனுப்பினேன். என் தம்பி சாவைச் சொல்ல. எங்க ஊர் வழக்கம்." இன்ஸ்பெக்டர் அரசு வக்கீலைத் திரும்பிப் பார்த்தார்.

மாஜிஸ்திரேட் மாரியப்பனிடம்: "இவர் அனுப்பித்தான் போனாயா?"

அஞ்சலை எனக்கு முன் வரிசை. முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இல்லீங்கய்யா. யாரும் அனுப்பல. நானாப் போனேன்."

"தாலுகா எல்லையைத் தாண்டக் கூடாது என்று தெரியும்தானே?"

"தெரியுங்க. சொந்தத்துல சாவுன்னா சொல்லிட்டுப் போவலாம்னு போட்டிருக்கு. சொல்லிட்டுத்தான் போனேன்."

"யாரிடம்?"

பாராக்காரரைப் பார்த்தான். பேர் சொல்லவில்லை. மாஜிஸ்திரேட்டும் அந்தப் பக்கம் பார்த்தார். போலீஸ்காரர் முதலில் தரையைப் பார்த்தார், பிறகு இன்ஸ்பெக்டரை. பிறகு தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். "சொன்னான் ஐயா. வேடிக்கைன்னு நெனச்சு நான் எழுதல."

"சபேசன் உனக்கு என்ன உறவு?"

மாரியப்பன் நின்றான். பதில் தேடுகிற மாதிரி இல்லை. எங்கிருந்து தொடங்குவது என்று பார்க்கிற மாதிரி.

"மொற சொல்லத் தெரியலீங்க. எங்கப்பன் பத்தி அவருதான் எழுதுனாரு. எங்கப்பன் என்ன நெனச்சுக்கிட்டு ஓடுனாருன்னு எனக்கே தெரியாது. அவரு எழுதித்தான் தெரிஞ்சுச்சு. அவரு செத்தது எங்க வூட்டுச் சாவுதானுங்க."

அரசு வக்கீல் எழுந்தார். கதை எழுதுபவர் இறந்தால் படிக்கிறவனெல்லாம் சொந்தம் கொண்டாடினால் சட்டம் எங்கே நிற்கும் என்றார். நியாயமான வாதம். பின்வரிசையில் சிரிப்பு, உடனே அடங்கியது.

மாஜிஸ்திரேட் எழுதிக்கொண்டே தலை நிமிராமல் கேட்டார், "அந்தப் புத்தகம் யாரிடமாவது இருக்கிறதா?"

மஜீத் பாய் எழுந்தார், கையை விரித்தார், உட்கார்ந்தார். ஒரு பிரதிகூடத் திரும்பி வரவில்லை.

அஞ்சலை மடியிலிருந்து எடுத்தாள். வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சாக்கு நூலால் தைத்த கட்டு. ஓரமெல்லாம் எண்ணெய், மூலையில் கருவாட்டு வாடை. பெஞ்ச் கிளார்க் இரண்டு விரலால் வாங்கி மேஜைமேல் வைத்தார். இதற்கு நம்பர் போடுவதா வேண்டாமா என்று கேட்டார். மாஜிஸ்திரேட் வேண்டாம் என்றார். பக்கங்களைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார். பிறகு மூடித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். உத்தரவு ஒத்திவைப்பு.

வெளியே பஞ்சநதம் என்னைத் தாண்டிப் போனார். நின்று, "நான் குடுத்த கையத் தட்டிட்டான் பாத்தீங்களா" என்றார். பிறகு, "தம்பி இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பான், படவா" என்றார். படவா யார் என்று சொல்லவில்லை. காரில் ஏறினார். லாரியை நிறுத்துவீர்களா என்று ஜன்னல் வழியே கேட்டேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

செல்வராசுவையும் மற்றவர்களையும் மாரியப்பன் கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றினான். ஒவ்வொருவராக.

அஞ்சலை என்னிடம் வந்தாள். இத்தனை நாளுக்குப் பின் நேராக முகம் பார்த்துப் பேசினாள். "சார், அந்தக் கட்டுல கடேசித் தாளு இல்ல. எலி கடிச்சிருச்சு. காத்தான் கல்லுல உக்காருறதோட நிக்கும். அதுக்கப்புறம் கொஞ்சம் இருக்கு. அது மாஜிஸ்திரேட்டு ஐயாவுக்குத் தெரியாதே."

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு கட்டு இருக்கிறது, தேடித் தருகிறேன் என்றேன்.

"வேணாம் சார். எனக்கு மனப்பாடம். உத்தரவு அன்னிக்கு வந்து நானே சொல்றேன்."

உத்தரவு வியாழன் காலை. லாரி வெள்ளி விடியலில், நிறுத்தியதாக இதுவரை தகவல் இல்லை. மாரியப்பன் நாளைக் காலை ஸ்டேஷனில் கையெழுத்து, வழக்கம்போல.